கடல் தண்ணீர் லைனுக்கு எந்த உலோகம்? 316எல் போட்டும் வெல்டிங் ஓரம் ஒழுகுகிறது

குளச்சல் பிளான்ட்
எல்லோருக்கும் வணக்கம். குளச்சல் பக்கம் மீன் பதப்படுத்தும் யூனிட் ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கடலில் இருந்து தண்ணீரை இழுத்து, ஃபில்டர் வழியாக டேங்குக்கு ஏற்றி, அங்கிருந்து அமோனியா கண்டென்சருக்கும் தரை கழுவவும் அனுப்புகிறோம். முன்பு ஜி.ஐ. பைப் இருந்தது, துருப்பிடித்து அடைத்துப் போனது. போன வருடம் முழு லைனையும் 3 இன்ச் 316எல் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), ஷெட்யூல் 10எஸ் (சுவர் கனத்தின் அளவு) என்று மாற்றினார்கள். இப்போது வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குப் பொத்தல் விழுகிறது. ஒன்றை அடைத்தால் நாலு விரல் தள்ளி இன்னொன்று. ஃபிளேஞ்ச் முகத்தில் கேஸ்கட் உட்காரும் இடமும் பள்ளம் பள்ளமாக அரித்திருக்கிறது.

வேலை செய்த கான்ட்ராக்டர், "316 என்பதே கடலுக்கான கிரேடு, உங்கள் தண்ணீரில்தான் கோளாறு" என்கிறார். முதலாளி, கனத்தைக் கூட்டி ஷெட்யூல் 40 போடலாமா, இல்லை சூப்பர் டூப்ளெக்ஸ் என்ற உயர்ரக எஸ்.எஸ்.ஸுக்கே போய்விடலாமா என்று கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று
சில விஷயம் தெரிந்தால்தான் சொல்ல முடியும், தம்பி. ராத்திரி பம்ப் நிற்குமா? நின்றால் லைன் காலியாகுமா, தண்ணீர் அப்படியே நிற்குமா? குளோரின் போடுகிறீர்களா? ஃபிளேஞ்சில் என்ன கேஸ்கட்? வெல்டிங் செய்யும்போது காற்று படாமல் இருக்க பைப்பின் உள்பக்கம் ஆர்கான் வாயு விட்டார்களா? லைனைப் பிரஷர் டெஸ்ட் செய்தது எந்தத் தண்ணீரில், எந்த மாதம்?

குளச்சல் பிளான்ட்
வரிசையாகச் சொல்கிறேன் அண்ணாச்சி. பம்ப் ராத்திரி நிற்கும், தண்ணீர் லைனிலேயே நிற்கும். பாசி பிடிக்காமல் இருக்க இன்டேக்கில் ஹைப்போ (குளோரின் கரைசல்) விடுகிறோம். கேஸ்கட் கறுப்பாக இருந்தது, கிராஃபைட் என்று பில்லில் இருக்கிறது. ஆர்கான் டார்ச்சில் மட்டும் விட்டார்கள், பைப்புக்கு உள்ளே விட்டதாகத் தெரியவில்லை. டெஸ்ட் செய்தது கடல் தண்ணீரில், மே மாதக் கடைசியில். அதற்கு அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது.

உப்புக்காற்று
அப்படியானால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள், டெஸ்ட் செய்த கடல் தண்ணீர் புது லைனுக்குள் அசையாமல் கிடந்திருக்கிறது. பொத்தலுக்கு விதை அப்போதே விழுந்திருக்கும். மேற்குக் கரையில் தொழில் நடத்துகிற எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் பிளான்ட் நிற்கும், ஆனால் லைனைக் காலி செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஓடுகிற கடல் தண்ணீரைவிட நிற்கிற கடல் தண்ணீர் எஸ்.எஸ்.ஸுக்கு மோசம். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் குடியேறும்.

விரிவாக இரவு எழுதுகிறேன். அதற்குள் ஒழுகிய இடத்தில் ஒரு ஜான் அளவு வெட்டி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள்.

ஆர்கான் டார்ச்
தக்கலையில் டிக் வெல்டிங் செய்கிறேன். உள்பக்கம் ஆர்கான் விடாமல் எஸ்.எஸ். பைப்பை ஒட்டினால் உள்ளே வெல்டிங் கருகிச் சர்க்கரைக் கட்டி மாதிரி பொரிந்து நிற்கும். அதற்கு இரண்டு பக்கமும் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று வளையம் வளையமாக நிறம் ஓடும். பார்க்க அழகாக இருக்கும். அந்த நிறம் உள்ள இடத்தில் மேல்தோலுக்கு அடியில் குரோமியம் குறைந்து போயிருக்கும், உப்புத் தண்ணீர் அங்கேதான் முதலில் பிடிக்கும். வெளியே பிக்ளிங் பேஸ்ட் (கருகலை எடுக்கும் அமிலப் பசை) தடவிப் பளபளப்பாக்கிவிட்டு, தண்ணீர் ஓடும் உள்பக்கத்தை அப்படியே விடுகிறவர்கள் நிறைய.

இன்னொன்று, எம்.எஸ். (சாதாரண இரும்பு) வேலைக்கு எடுத்த கிரைண்டிங் டிஸ்க், கம்பி பிரஷ் இரண்டையும் எஸ்.எஸ். மேல் வைக்கவே கூடாது. இரும்புத் துகள் பதிந்து அங்கே துரு ஆரம்பிக்கும். எஸ்.எஸ். கம்பி பிரஷ் தனியாக, பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும்.

குளச்சல் பிளான்ட்
பிளந்து பார்த்தேன். வெளியே குண்டூசி போகிற துளைதான். உள்ளே வெல்டிங்கை ஒட்டிச் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குக் குடைந்திருக்கிறது. ஆனால் உள்பக்க வாயும் சின்னதுதான், குடைவு சுவருக்குள்ளே இருக்கிறது. சுற்றி நீல வளையமும் இருக்கிறது, அண்ணன் சொன்ன மாதிரியே. பைப்பின் மற்ற இடங்கள் புதுசு போல மின்னுகின்றன.

உப்புக்காற்று
அதுதான் பிட்டிங், அதாவது குழி அரிப்பு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. சாதாரண வெப்பத்தில் 304-க்கு 200, 316எல்-க்கு 1,000 என்பது தொழிலில் பொதுவாகப் பிடிக்கும் வரம்பு. 316எல் ஏன் ஒழுகுகிறது என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும். "மரைன் கிரேடு" என்று 316-ஐச் சொல்வது உப்புக்காற்று படும் கைப்பிடிக்கும், படகின் மேல்தளச் சாமான்களுக்கும் பொருந்தும். மழை வந்து கழுவிவிடும், காற்று படும், அங்கே அது நிற்கும். தண்ணீருக்குள்ளே, கேஸ்கட் இடுக்கில், 25 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள நம்ம கடலில் நிற்காது.

எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். குளோரைடு ஓரிடத்தில் அதை உடைத்துவிட்டால், அந்தச் சின்னக் குழிக்குள் தண்ணீர் அமிலமாகும், ஆக்சிஜன் தீர்ந்து போகும், மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படும். ஆரம்பித்த குழி தானாகவே வேகம் பிடிக்கும். அதனால்தான் மற்ற இடம் மின்னுகிறது, ஓரிடம் மட்டும் குடைகிறது. கனம் கூட்டுவதும் இதனால்தான் உதவாது. 3 இன்ச் 10எஸ் சுவர் 3.05 மி.மீ., 40எஸ் 5.49 மி.மீ. எம்.எஸ். என்றால் பரவலாகத் தேயும், கனத்துக்கு ஏற்ற ஆயுள் கிடைக்கும். குழி விழுகிற உலோகத்தில் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் கனம் கொஞ்ச நாளைத்தான் வாங்கித் தரும். முதலாளி அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

எந்தக் கிரேடு எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட ஒரு கணக்கு உண்டு. குரோமியம் சதவீதம், அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு, மூன்றையும் கூட்ட வேண்டும். 304-க்கு 19 வாக்கில் வரும். 316எல் 24, 25. 2205 டூப்ளெக்ஸும் 904எல்-லும் 35 பக்கம். 2507 சூப்பர் டூப்ளெக்ஸ் 42. கடல் தண்ணீருக்கு 40-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆகவே "கொஞ்சம் நல்லதாக 2205 போடுவோம்" என்பதும் இந்த லைனுக்கு அரைகுறைத் தீர்வுதான். பம்ப் பாடிக்கு, வெளிப்புறத் தாங்கிகளுக்கு 2205 அருமையான உலோகம். நிரந்தரமாக நீளத் தொடங்கும் முன் 316எல்-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவையைத் தாங்கும். கேஸ்கட் இடுக்கில் கடல் தண்ணீர் நிற்கிற இடத்தில் நம்பி வைக்க மாட்டேன்.

சூப்பர் டூப்ளெக்ஸும் மந்திரம் இல்லை. குளோரின் கலந்த கடல் தண்ணீரில், இடுக்கு உள்ள இடங்களுக்கு 20 டிகிரி என்று வட கடல் எண்ணெய் மேடைகளுக்கான நார்சோக் தரம் எல்லை வைத்திருக்கிறது. நம்ம கடலே அதைவிடச் சூடு. ஹைப்போவை அளவில்லாமல் விட்டால் விலை கொடுத்து வாங்கிய 2507-உம் ஃபிளேஞ்சில் அரிக்கும்.

கேஸ்கட்டை மறக்க வேண்டாம். கடல் தண்ணீரில் கிராஃபைட் எஸ்.எஸ்.ஸைவிட அரிப்பு வரிசையில் உயர்ந்த இடத்தில் நிற்கும், இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஃபிளேஞ்ச் முகத்தைத் தின்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ரப்பர் கேஸ்கட் போடுங்கள், ஈ.பி.டி.எம். நல்லது.

முட்டம் லாஞ்ச்
படகு என்ஜின் கூலரில் குப்ரோ நிக்கல் பல வருடம் ஓடுகிறதே. கப்பலிலும் அதுதான். 90க்கு 10 (செம்பு 90, நிக்கல் 10) குப்ரோ நிக்கல் பைப் போட்டால் பாசியும் குறைவு. ஏன் யாரும் சொல்லவில்லை?

உப்புக்காற்று
நல்ல கேள்வி. 90/10 கடலுக்கென்றே பேர் வாங்கிய கலவை. குழி விழுவது அபூர்வம், ஒட்டுவதும் கடினம் இல்லை, நீங்கள் சொன்ன மாதிரி சிப்பியும் பாசியும் அதில் லேசில் ஒட்டாது. படகு நடுக்கடலில் சுத்தமான தண்ணீரை இழுக்கிறது, அதனால் அங்கே நன்றாக உழைக்கிறது.

இந்த யூனிட்டுக்கு ஆகாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று, துறைமுகப் பக்கத்துத் தண்ணீர். மீன் கழிவு அழுகும் இடத்தில் சல்ஃபைடு இருக்கும், அது செம்புக் கலவையின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும். அந்தப் படலம் நன்றாக உருவாகவே சுத்தமான தண்ணீரில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வேண்டும். ஆரம்பத்திலேயே கெட்ட தண்ணீர் பட்டால் அப்புறம் சரியாகாது. அடுத்தது மணல். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் எல்லாம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கடினமான தாது. மழைக்காலத்தில் கடல் கலங்கும்போது இன்டேக்கில் அது ஏறும், எல்போவில் உராய்ந்து படலத்தைச் சுரண்டும். குப்ரோ நிக்கலில் வேகம் விநாடிக்கு இரண்டரை, மூன்று மீட்டரைத் தாண்டாமல் பார்க்க வேண்டும் என்பதே இதனால்தான். கடைசியாக, அந்தப் பக்கம் அமோனியா பிளான்ட். அமோனியா கசிந்தால் செம்பு கலந்த எதற்கும் கேடு.

கடியப்பட்டணம்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஐஸ் பிளான்டில் 316 லைன் பல வருடமாக நிற்கிறது, ஒரு துளி ஒழுகவில்லை. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ரோடு மட்டும்தான். வெல்டரை மாற்றினால் போதும் என்பது என் கருத்து.

குளச்சல் பிளான்ட்
அண்ணே, உங்கள் லைனில் ஓடுவது கடல் தண்ணீரா, போர் தண்ணீரா?

கடியப்பட்டணம்
போர் தண்ணீர். லேசாகக் கரிக்கும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் குளோரைடு 600 என்று இருக்கிறது. பம்ப் இரவு பகல் நிற்காது.

உப்புக்காற்று
அதனால்தான் நிற்கிறது அண்ணே. 600 என்பது 316-இன் வரம்புக்குள், ஓட்டமும் நிற்பதில்லை. கடலுக்குப் பக்கத்தில் இருப்பது வேறு, கடல் தண்ணீர் உள்ளே ஓடுவது வேறு. உங்களுக்கு 316 சரியான தேர்வு. ஒன்று மட்டும் கவனியுங்கள். கோடையில் போர் தண்ணீரில் உப்பு ஏறும், கரையோரக் கிணறுகளில் கடல் தண்ணீர் உள்ளே புகும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தடவை குளோரைடு பார்த்துவிடுங்கள்.

சூடான தண்ணீருக்கு 316 போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 60 டிகிரிக்கு மேல் போனால் குளோரைடு பட்டு விரிசல் விழும் அபாயம் 304-க்கும் 316-க்கும் இருக்கிறது. வெளியே இன்சுலேஷன் சுற்றிய சுடுதண்ணீர் லைனில், உப்புக்காற்றும் மழையும் உள்ளே இறங்கிக் காய்ந்து உப்பு சேரும், வெளியில் இருந்தே விரிசல் வரும். அங்கே டூப்ளெக்ஸ் எவ்வளவோ மேல். இல்லையென்றால் இன்சுலேஷனுக்கு முன்னால் பைப்புக்கு நல்ல கோட்டிங் அடிக்க வேண்டும்.

நாகர்கோவில் பைப்லைன்
எல்லோரும் உலோகமே பேசுகிறீர்கள். கடலில் இருந்து டேங்க் வரைக்கும் குளிர்ந்த தண்ணீர், அழுத்தமும் குறைவு. பிஇ100 ரக ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப் போட்டால் அரிப்பு என்ற பேச்சே இல்லை. பட் ஃபியூஷன் (இரண்டு முனையையும் உருக்கி ஒட்டுவது) செய்தால் ஜாயின்டும் பைப்பும் ஒன்றே. ஃபிளேஞ்ச் வேண்டிய இடத்தில் ஸ்டப் எண்ட் (விளிம்பு விரிந்த பிளாஸ்டிக் முனை) வைத்துப் பின்னால் உலோக வளையம் போடலாம், அந்த வளையத்தில் தண்ணீர் படாது.

கவனிக்க வேண்டியது இரண்டு. பைப்பில் எழுதியிருக்கும் அழுத்தம் 20 டிகிரிக்கு. வெயிலில் 40 டிகிரி ஆனால் முக்கால் பங்குதான் கணக்கு. அப்புறம் அது எஸ்.எஸ்.ஸைவிடப் பத்து மடங்குக்கு மேல் நீளும். 50 மீட்டர் நேர் ஓட்டத்தில் 15 டிகிரி மாறினால் 10 செ.மீ.க்கு மேல் நீளம் கூடும். கிளாம்பை இறுக்கிப் பிடித்தால் பாம்பாக வளைந்து தாங்கியைப் பிடுங்கும். முடிந்தால் மண்ணுக்குள் புதையுங்கள்.

உப்புக்காற்று
முழுக்க ஆமோதிக்கிறேன். உலோகத் தேர்வைப் பற்றிக் கேட்டவருக்கு, உலோகமே வேண்டாத இடம் எது என்று முதலில் சொல்வதுதான் நியாயம்.

குளச்சல் பிளான்ட்
சூப்பர் டூப்ளெக்ஸுக்குக் கோட்டேஷன் வாங்கினேன். பைப் விலையே மலைக்க வைக்கிறது. அதோடு கொஞ்சம் எல்போ, கொஞ்சம் டீ ஃபிட்டிங் என்று சில்லறையாகக் கேட்டால் மும்பையில் இருந்து வர வேண்டும், காத்திருக்கச் சொல்கிறார்கள். ஒட்ட ஆள் வேண்டும் என்பது வேறு.

ஆர்கான் டார்ச்
ஆளைப் பார்த்துக் கொடுங்கள். 2507-ஐ 316 மாதிரி ஒட்ட முடியாது. 2594 ஃபில்லர் கம்பி, உள்பக்கம் ஆர்கான் கட்டாயம், ஒரு பாஸுக்கும் அடுத்த பாஸுக்கும் நடுவில் 100 முதல் 150 டிகிரிக்குள் ஆற விட வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் சிக்மா என்று ஒரு கெட்ட கட்டம் உருவாகி, உலோகம் நொறுங்கும், அரிப்பும் தாங்காது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதுவரை டூப்ளெக்ஸ் தொடாத ஆள் உங்கள் லைனில் பழக வேண்டாம்.

உப்புக்காற்று
நான் பிரித்துச் செய்வேன். கடலில் இருந்து ஃபில்டர், டேங்க், தரை கழுவும் லைன் எல்லாம் ஹெச்.டி.பி.இ. வண்டி இடிக்கக்கூடிய இடத்தில் மட்டும் வெளியே எம்.எஸ். காப்பு வைத்துவிடலாம். பம்ப் வாயில் அதிர்வும் அழுத்தமும் உள்ள சிறு ஸ்பூல்களுக்கும் (ஃபிளேஞ்ச் ஒட்டிய பைப் துண்டுகள்) கண்டென்சர் வாய்க்கும் மட்டும் 2507. அவ்வளவுதான் என்றால் வெளியே தெரிந்த ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் செய்து, பிக்ளிங் முடித்து, ரெடி ஸ்பூலாகக் கொண்டுவந்து போல்ட் போட்டுவிடலாம். சைட்டில் ஒட்ட வேண்டிய தேவையே வராது. கண்டென்சர் டியூப் மாற்றும் காலம் வந்தால் டைட்டானியம் கிரேடு 2 கேட்டுப் பாருங்கள். நம்ம வெப்பநிலையில் கடல் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, அமோனியாவும் செய்யாது.

மீதமுள்ள 316எல்-ஐ எறிய வேண்டாம். நல்ல தண்ணீர் லைனுக்குப் பயன்படும், வெல்டிங் ஓரங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு.

தடைக்காலத்துக்கு நிறுத்தும் முன் லைனைக் காலி செய்து, நல்ல தண்ணீரில் அலசி, திறந்து காய விடுங்கள். லைனில் தாழ்வான இடத்தில் ஒரு டிரெய்ன் வால்வு வைக்காமல் இதைச் செய்ய முடியாது, இப்போதே டிராயிங்கில் சேர்த்துவிடுங்கள். பிரஷர் டெஸ்ட்டும் நல்ல தண்ணீரில்தான்.

குளச்சல் பிளான்ட்
முதலாளியிடம் காட்டினேன், ஒத்துக்கொண்டார். ஹெச்.டி.பி.இ.-க்கு ஆர்டர் போய்விட்டது. 2507 ஸ்பூல் வரும்போது உண்மையிலேயே 2507-தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்கான் டார்ச்
காந்தம் வைத்துப் பாருங்கள். டூப்ளெக்ஸ் ஒட்டும். 304, 316 ஒட்டாது, வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம். ஆனால் 202 என்ற மாங்கனீஸ் கூடிய மட்ட ரகமும் ஒட்டாது. அதனால் காந்தத்தில் ஒட்டவில்லை என்று 304 விலை கொடுத்துவிடக் கூடாது.

உப்புக்காற்று
காந்தம் முதல் வடிகட்டல்தான், எம்.எஸ்.ஸும் ஒட்டுமே. உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே கன் வைத்திருக்கும் இன்ஸ்பெக்ஷன் ஆளைக் கூப்பிட்டு ஒவ்வொரு ஸ்பூலிலும் பைப், ஃபிட்டிங், வெல்டிங் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் குரோமியம் 25, நிக்கல் 7, மாலிப்டினம் 4 வாக்கில் காட்ட வேண்டும், வெல்டிங்கில் நிக்கல் கொஞ்சம் கூடும். கார்பனையும் நைட்ரஜனையும் அந்தக் கன் காட்டாது, அதற்கு மில் சர்ட்டிபிகேட் வேண்டும். 3.1 வகைச் சர்ட்டிபிகேட் கேளுங்கள், அதில் இருக்கும் ஹீட் நம்பரும் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) பைப்பில் அடித்திருக்கும் ஹீட் நம்பரும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். டூப்ளெக்ஸ் பைப் என்றால் ஏஎஸ்டிஎம் ஏ790 என்று இருக்கும், ஏ312 என்றால் அது வேறு சாமான்.

மார்த்தாண்டம் ரப்பர்
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது லேடக்ஸ் யூனிட். ஸ்கிம்மை (கெட்டி லேடக்ஸைப் பிரித்தபின் மிஞ்சும் நீர்த்த ரப்பர் பால்) உறைய வைக்க சல்ஃப்யூரிக் அமிலம் விடுகிறோம். 98 சதவீத அமில டேங்கும் அதன் லைனும் எம்.எஸ்., நன்றாக இருக்கிறது. தண்ணீர் கலந்து இறங்கும் லைனும் எம்.எஸ்.தான், அது மட்டும் அடிக்கடி போய்விடுகிறது. அதை 316எல் ஆக்கலாமா? சில வால்வுகள் பித்தளை, அதையும் மாற்ற வேண்டுமா?

உப்புக்காற்று
கெட்டி அமிலத்தில் எம்.எஸ். மேல் இரும்பு சல்ஃபேட் படலம் படிந்து காப்பாற்றுகிறது. வேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே, ஈரம் புகாமல் இருக்கும் வரை அது நிற்கும். தண்ணீர் கலந்ததும் அந்தப் படலம் கரைந்துவிடும், எம்.எஸ். வேகமாகக் கரையும். 316எல் மிக நீர்த்த, குளிர்ந்த அமிலத்தை மட்டும் தாங்கும். நடுத்தரச் செறிவில் அதுவும் போகும். நீர்த்த லைனுக்கு ஹெச்.டி.பி.இ. அல்லது பி.வி.சி. போதும். கலக்கும் இடத்தில் சூடு கிளம்பும், அந்தத் துண்டுக்கு மட்டும் உள்ளே பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) லைனிங் செய்த எம்.எஸ். ஸ்பூல் போடுங்கள். எம்.எஸ். முடியும் இடத்தில் ஒரு நான்ரிட்டர்ன் வால்வும் வையுங்கள், நீர்த்த அமிலம் பின்னால் ஏறிக் கெட்டி அமில லைனுக்குள் போகாமல் இருக்க.

பித்தளை வால்வை இன்றைக்கே மாற்றுங்கள். லேடக்ஸில் இருக்கும் அமோனியா பித்தளையில் விரிசல் விழ வைக்கும். கரைந்து வரும் செம்பு துளியளவு கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெடும். லேடக்ஸ் பக்கம் 304 பந்து வால்வு (பால் வால்வு) போதும், அமிலப் பக்கம் பி.டி.எஃப்.இ. லைனிங் உள்ள டயாஃப்ரம் வால்வு. கழற்றும் முன் அமில லைனை அடைத்து, அழுத்தம் இறக்கி, வடித்துவிட்டு, முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுத்தான் போல்ட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும்.